செகோயா, கிங்ஸ் கேன்யன்: ராட்சச மரங்களை அவசரமில்லாம பாக்க ஒரு முழு வழிகாட்டி

கலிஃபோர்னியாவுல இருக்குற நம்மாளுங்க யோசெமிட்டிக்கு ஒரு தடவையாச்சும் போயிருப்பாங்க, ஆனா அதுக்குத் தெற்கால இருக்குற செகோயாவுக்கு "பெரிய மரம் ஒண்ணு இருக்காமே, ஒரே நாள்ல பாத்துட்டு வந்துரலாம்"னுதான் கிளம்புறாங்க. காலையில நாலஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டி, பார்க்கிங்குக்கு அலைஞ்சு, ஜெனரல் ஷெர்மன் மரத்து முன்னாடி வரிசையில நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு, வளைஞ்சு வளைஞ்சு இறங்கும்போது பின்சீட்டுல புள்ளைங்க வாந்தி எடுக்க, ராத்திரி வீட்டுக்கு வந்து "ஆமா, பெருசாதான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு படுத்துடுறாங்க. இந்த இடத்துக்கு அப்படிப் போறதுன்னா போகாமலே இருக்கலாம். மலை மேலயே ஒரு ராத்திரி, முடிஞ்சா ரெண்டு ராத்திரி தங்கணும், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காட்டுக்குள்ள நடக்கணும். கீழ சொல்றது எல்லாமே இதை மனசுல வச்சுத்தான்.

முதல்ல இடம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. செகோயா, கிங்ஸ் கேன்யன் ரெண்டும் பக்கத்து பக்கத்து நேஷனல் பார்க், நிர்வாகம் ஒண்ணுதான், டிக்கெட்டும் ஒண்ணுதான். செகோயா 1890 செப்டம்பர்ல வந்தது. அடுத்த வாரமே ஜெனரல் கிராண்ட் மரத்தைச் சுத்தி ஒரு சின்ன பார்க் அறிவிச்சாங்க, அதை 1940ல பெருசாக்கி கிங்ஸ் கேன்யன் ஆக்கினாங்க. இந்த ஜயன்ட் செகோயா மரம் தானா வளர்றது உலகத்துலயே சியரா நெவாடா மலையோட மேற்குச் சரிவுல மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் 5,000 அடியிலிருந்து 7,000 அடி வரைக்கும் இருக்குற ஒரு பட்டையில, தோப்பு தோப்பா. கடற்கரைப் பக்கம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மேல பாக்குறீங்களே அந்த ரெட்வுட், அது வேற மரம். உயரத்துல அதுதான் ஜெயிக்கும், 380 அடி வரைக்கும் இருக்கு. தண்டோட மொத்தக் கன அளவுல செகோயா கிட்ட எதுவும் நிக்க முடியாது.

எந்த மாசம் போறது

இதை முடிவு பண்ணாம ரூம் புக் பண்ணாதீங்க, ஏன்னா சீசனைப் பொறுத்து பாதி ரோடு மூடியிருக்கும். என்னைக் கேட்டா செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம்தான் சரியான நேரம். ஸ்கூல் தொறந்துடும், கூட்டம் குறையும், எல்லா ரோடும் பொதுவா தொறந்திருக்கும். ஒரே பயம் காட்டுத்தீ. புகை வந்துட்டா மொத்த பிளானும் போச்சு, அதனால கேன்சல் பண்ண முடியுற மாதிரி புக் பண்ணுங்க.

ஜூன் மாசம் அருவி பாக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு. பனி உருகி ஆறெல்லாம் முட்டிக்கிட்டு ஓடும், புல்வெளியெல்லாம் பச்சையா பூவோட இருக்கும், கொசுவும் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்ல கூட்டம் பின்னும், காத்துலயும் ஒரு பிரச்சனை உண்டு. கீழ சான் வாக்கீன் பள்ளத்தாக்குல இருக்குற வண்டிப்புகை, விவசாயத் தூசி எல்லாம் மேல ஏறி வந்து மலையில தேங்கும். அமெரிக்க நேஷனல் பார்க்குகள்லயே ஓசோன் மாசு ரொம்ப அதிகமா இருக்குற இடங்கள்ல இதுவும் ஒண்ணு. ஆஸ்துமா இருக்குறவங்க கூட வந்தா காலையிலயே நடக்குற வேலையை முடிச்சுடுங்க.

குளிர்காலத்துல பனி மூடின செகோயா பாக்க அவ்வளவு அழகு, செவப்பு பட்டை மேல வெள்ளைப் பனி. ஆனா அது விவரம் தெரிஞ்சவங்க போற ட்ரிப். டயர் செயின் இல்லாம வரக்கூடாதுன்னு போர்டு வச்சிருவாங்க, ஃபோர் வீல் டிரைவ் வண்டியா இருந்தாலும் செயின் கையில இருக்கணும். வாடகை வண்டின்னா காண்ட்ராக்ட்ல செயின் மாட்ட அனுமதி இருக்கான்னு பாருங்க, பல இடத்துல மாட்டக்கூடாதுன்னுதான் போட்டிருக்கும். செகோயாவுல இருக்குற லாட்ஜ்போலுக்கும் கிங்ஸ் கேன்யன்ல இருக்குற கிராண்ட் குரோவுக்கும் நடுவுல இருக்குற ரோட்டை பெரிய பனி விழுந்தா மூடிடுவாங்க, அப்போ ஒரு பார்க்குலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா மலையை விட்டு இறங்கி சுத்தித்தான் போகணும்.

எந்த வாசல்

ரெண்டு வழி. தெற்குல வைசேலியாவுலேர்ந்து 198ம் நம்பர் ஹைவே எடுத்து த்ரீ ரிவர்ஸ் ஊர் வழியா ஆஷ் மவுண்டன் வாசல். வடக்குல ஃபிரெஸ்னோவுலேர்ந்து 180ம் நம்பர் ஹைவே எடுத்து பிக் ஸ்டம்ப் வாசல். ரெண்டையும் உள்ள சேக்குறது ஜெனரல்ஸ் ஹைவே.

198 வழி ஷெர்மன் மரம் இருக்குற ஜயன்ட் ஃபாரஸ்ட் தோப்புக்குக் கிட்ட, ஆனா செங்குத்து. வாசல் 1,700 அடியில இருக்கு, அங்கிருந்து பதினாறு பதினேழு மைல்ல கிட்டத்தட்ட 5,000 அடி ஏறணும். ஊசி வளைவு வரிசையா வந்துட்டே இருக்கும். 22 அடிக்கு மேல நீளமான வண்டியை இந்த வழியில கொண்டு வராதீங்க. வண்டியில தலை சுத்துற ஆளு இருந்தா 180 வழியா ஏறுங்க, அது கொஞ்சம் சாந்தமான ரோடு. நான் சொல்றது, ஒரு வழியா ஏறி இன்னொரு வழியா இறங்குங்க, அப்போ ரெண்டு பார்க்கையும் ஒரே கோட்டுல பாத்துடலாம். இன்னொண்ணு, கிழக்குப் பக்கம் போற ரோடே கிடையாது. விட்னி மலை, 14,505 அடி, இந்த பார்க் எல்லையிலதான் இருக்கு, ஆனா இந்தப் பக்கத்துலேர்ந்து வண்டியில கிட்ட போக முடியாது, மோரோ ராக்னு இங்க இருக்குற பெரிய பாறை மேல ஏறினாலும் தெரியாது, நடுவுல இன்னொரு மலைத்தொடர் மறைக்கும்.

ஃபோன்ல வழி சொல்றதை முழுசா நம்பாதீங்க. சில நேரம் மண் ரோட்டுல கொண்டு போய் விட்டுடும். வைசேலியாவுலயே ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சுக்கோங்க, மேல சிக்னல் கிடைக்காது. பார்க்குக்குள்ள பெட்ரோல் பங்க் கிடையாது, இதுவும் நினைவுல இருக்கட்டும். த்ரீ ரிவர்ஸ்ல, இல்லன்னா ஃபிரெஸ்னோ பக்கம் டேங்க்கை ரொப்பிக்கிட்டு ஏறுங்க.

டிக்கெட் விஷயம்

சாதாரண வண்டிக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். வருஷ பாஸ் 80 டாலர், எல்லா நேஷனல் பார்க்குக்கும் ஆகும். இங்கதான் நம்ம வீடுகளுக்கு ஒரு புது சங்கதி. 2026லேர்ந்து அமெரிக்காவுல குடியிருக்காதவங்களுக்குத் தனி ரேட். செகோயா, கிங்ஸ் கேன்யனும் சேத்து பதினோரு பார்க்குல, 16 வயசும் அதுக்கு மேலயும் இருக்குற வெளிநாட்டுப் பயணிங்க ஒவ்வொருத்தரும் வழக்கமான கட்டணத்துக்கு மேல 100 டாலர் கட்டணும், இல்லன்னா 250 டாலர் வருஷ பாஸ் வாங்கிக்கலாம். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்கன்னா கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பார்க் சர்வீஸ் சைட்ல விதியைப் படிச்சு, எந்த பாஸ் யாருக்குச் செல்லும்னு கணக்குப் போட்டுக்கோங்க. நீங்க இங்க குடியிருக்குறவர்னு காட்ட அடையாள அட்டை கையில இருக்கட்டும், பணத்துக்கு கார்டு வச்சுக்கோங்க.

எங்க தங்குறது

கூரை வேணும்னா ஜயன்ட் ஃபாரஸ்ட் பக்கம் வுக்சாச்சி லாட்ஜ், கிராண்ட் குரோவ்ல ஜான் மியூர் லாட்ஜும் கேபின்களும். விலை அதிகம்தான், அந்த விலைக்கு ரூம் சுமாரா இருக்கும்னு எதிர்பாருங்க, நீங்க காசு குடுக்குறது இடத்துக்கு. டென்ட்டுன்னா லாட்ஜ்போல் கேம்ப்கிரவுண்ட்தான் என் தேர்வு, 6,700 அடி, பக்கத்துலயே ஆறு, கடை, ஷட்டில் பஸ் எல்லாம். டார்ஸ்ட் கிரீக், கிராண்ட் குரோவ் பக்கம் அசேலியா, சன்செட்டும் நல்லா இருக்கும். அடிவாரத்துல இருக்குற பாட்விஷா வசந்த காலத்துக்கு சரி, ஜூலையில அங்க படுத்தா வெந்துடுவீங்க. இடமெல்லாம் மாசக்கணக்குல முன்னாடியே ஆன்லைன்ல போயிடும், சனி ஞாயிறு சுத்தமா கிடைக்காது, நடுவாரத்துல பாருங்க. எதுவும் கிடைக்கலன்னா த்ரீ ரிவர்ஸ்ல தங்கி, விடியறதுக்கு முன்னாடி மலை ஏறிடுங்க, வைசேலியாவுல தங்குனா அந்த அரை மணி, முக்கால் மணி வித்தியாசத்துலயே பார்க்கிங் போயிடும்.

புளிசாதமும் கரடியும்

இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நம்மாளுங்க புளிசாதம், தயிர்சாதம், இட்லிப்பொடி இல்லாம வெளியூர் கிளம்ப மாட்டோம். இங்க இருக்குறது கருங்கரடி. ஆளைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடி வரும். கார் கதவைப் பேத்து எடுத்துடும், கண்ணாடியை உடைக்கும், அதுக்கு மோப்பம் அவ்வளவு. ஒருதடவை மனுஷ சாப்பாட்டு ருசி கண்டுட்டா திரும்பத் திரும்ப வரும், கடைசியில அந்தக் கரடியைக் கொல்ல வேண்டிய நிலைமை வந்துடும். அதனாலதான் இவ்வளவு கெடுபிடி.

கேம்ப்லயும் பல டிரெயில் பார்க்கிங்லயும் இரும்புப் பெட்டி வச்சிருப்பாங்க. சாப்பாடு மட்டும் இல்ல, வாசனை உள்ள எல்லாமே அதுக்குள்ள போகணும். டூத்பேஸ்ட், சோப்பு, சன்ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய், விபூதி டப்பாவுல கற்பூரம் இருந்தா அதுவும். காலி கூலரும் உள்ளதான், ஏன்னா கரடிக்கு கூலரைப் பாத்தாலே தெரியும். குழந்தை சீட்டுல சிந்தின முறுக்குத் துண்டு, பிஸ்கட் பொடியை தட்டி எடுத்துடுங்க. ஊறுகா பாட்டில் மூடி இறுக்கமா இருக்குன்னு காருக்குள்ள விட்டுடாதீங்க. சமைக்கிறவங்க சாதம் வடிச்ச தண்ணி, மிச்ச சாம்பாரை மரத்தடியில ஊத்தக்கூடாது, அதுவும் வாசனைதான். கரடி கண்ணுல பட்டா கிட்ட போகாதீங்க, கேம்ப்புக்குள்ள வந்துட்டா தூரத்துல நின்னு சத்தம் போட்டு விரட்டுங்க, ஓடாதீங்க.

முதல் நாள்: ஜயன்ட் ஃபாரஸ்ட்

காலை ஏழரைக்குள்ள ஷெர்மன் பார்க்கிங்ல இருங்க. வண்டி மேல நிக்கும், மரம் கீழ இருக்கும், அரை மைல் படியும் சரிவுமா இறங்கணும். இறங்குறது சுலபம், திரும்ப ஏறும்போதுதான் 7,000 அடி உயரம்னு மூச்சு சொல்லும். முட்டிவலி இருக்குற பெரியவங்க வந்தா, கோடை சீசன்ல ஓடுற இலவச ஷட்டில் கீழ மரத்துக்குக் கிட்ட ரோட்டோரத்துலயும் நிக்கும், திரும்ப ஏற வேண்டாம். ஊனமுற்றோர் அட்டை இருந்தா அங்கேயே வண்டியும் நிறுத்தலாம்.

ஷெர்மன் மரம் 275 அடி உயரம், அடியில குறுக்களவு 36 அடிக்கு மேல, வயசு ரெண்டாயிரத்துக்கு மேல, சுமார் 2,200ன்னு சொல்றாங்க. தண்டோட கன அளவு 52,500 கன அடி, உலகத்துல உயிரோட இருக்குற ஒத்தைத்தண்டு மரத்துல இதுதான் பெருசு. 2006ல இதோட ஒரு கிளை உடைஞ்சு விழுந்துச்சு, அந்தக் கிளை மட்டுமே நூறடி நீளம், வேலியை நொறுக்கி தரையையும் பேத்துடுச்சு. 1880கள்ல இங்க கவீயா காலனின்னு ஒரு சோஷலிச கூட்டம் வந்து குடியேறி, இந்த மரத்துக்கு கார்ல் மார்க்ஸ்னு பேர் வச்சாங்க, பார்க் வந்தப்புறம் காலனியும் கலைஞ்சுது, பேரும் போச்சு. உள்நாட்டுப் போர் தளபதி பேரே நின்னுடுச்சு.

ஆனா உண்மையைச் சொன்னா ஷெர்மன் முன்னாடி நிக்கும்போது அதோட அளவு புரியாது. பக்கத்துல இருக்குற எல்லாமே பெருசு, கண்ணு ஏமாந்துடும். அங்க ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு உடனே பின்னாடி காங்கிரஸ் டிரெயில் பிடிங்க. தார் போட்ட பாதை, ரெண்டு மைல் சுத்து, முக்கால்வாசி கூட்டம் இதுல வராது. ஹவுஸ், செனட்னு பேர் வச்ச மரக்கூட்டம், பிரெசிடென்ட் மரம் எல்லாம் இதுல வரும். தீயில குடைஞ்சு போன தண்டுக்குள்ள நாலஞ்சு பேர் நிக்கலாம், நின்னுட்டு அண்ணாந்து பாருங்க, மேல பச்சை இருக்கும், மரம் உயிரோட இருக்கும். ஒண்ணரை மணி நேரம் குடுங்க, ரெண்டு மணி குடுத்தாலும் தப்பில்ல.

பாதையை விட்டு இறங்கி மரத்தைக் கட்டிப்பிடிக்கப் போகாதீங்க. இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, வேர் பன்னெண்டு பதினாலு அடி ஆழத்துக்கு மேல போறது அபூர்வம், பக்கவாட்டுலதான் நூறடிக்கு மேல பரவியிருக்கும். ஆள் மிதிச்சு மண்ணு இறுகுனா வேருக்குக் கேடு. இதுக்காகவே 1990கள் கடைசியில இந்தக் காட்டுக்குள்ள இருந்த ஹோட்டல், கேபின், கடைன்னு 282 கட்டிடத்தை இடிச்சு எடுத்தாங்க. மிச்சம் வச்ச பழைய கடைதான் இப்போ ஜயன்ட் ஃபாரஸ்ட் மியூசியம். அது வாசல்ல நிக்குற சென்டினல் மரத்தைப் பாருங்க, 250 அடிக்கு மேல, ஆனா செகோயா கணக்குல அது சராசரி சைஸ்தான். சின்னப் புள்ளைங்க, வீல்சேர் இருந்தா மியூசியத்துக்கு எதிர்ல பிக் ட்ரீஸ் டிரெயில், ஒரு புல்வெளியைச் சுத்தி சமமான பாதை.

மதியம் மோரோ ராக். பாறையில வெட்டின படி, 350க்கு மேல, 1931ல போட்டது. இடி மின்னல் வாசனை இருந்தா ஏறவே ஏறாதீங்க, அந்தக் கைப்பிடிக் கம்பி இரும்பு. அங்கிருந்து கிரசன்ட் மெடோங்குற புல்வெளி. சீசன்ல சனி ஞாயிறு இந்த ரோட்டுல சொந்த வண்டியை விட மாட்டாங்க, மியூசியத்துலேர்ந்து ஷட்டில்தான். வழியில டனல் லாக், 1937ல ரோட்டுக்குக் குறுக்க விழுந்த மரம், அதைக் குடைஞ்சு வழி பண்ணியிருக்காங்க, உயரம் 8 அடிதான், மேல சைக்கிள் கட்டியிருந்தா பாத்து. புல்வெளியோரமா ஒரு மைல் நடந்தா தார்ப்ஸ் லாக், விழுந்த செகோயா தண்டுக்குள்ளயே ஹேல் தார்ப்னு ஒரு மாட்டுக்காரர் வீடு கட்டி கோடைக்கு இருந்திருக்கார், கட்டில், கணப்பு எல்லாம் உள்ள இருக்கும். இந்தப் புல்வெளியில கரடி பாக்க வாய்ப்பு அதிகம், சாயங்காலம் சத்தமில்லாம நடங்க.

தீயைப் பத்தி

ரெண்டாவது நாள் கிராண்ட் குரோவ் போற வழியில கருகி நிக்குற காடு வரும், புள்ளைங்க கேப்பாங்க, அதனால இதைத் தெரிஞ்சுக்கோங்க. செகோயாவுக்குத் தீ எதிரி இல்ல. பட்டை ரெண்டடி வரைக்கும் தடிப்பு, சீக்கிரம் பத்தாது. கோழிமுட்டை சைஸ் காய் இருபது வருஷம்கூட மூடியே மரத்துல இருக்கும், கீழ தீ எரிஞ்சு சூடு மேல போனாத்தான் மொத்தமா திறந்து விதையைக் கொட்டும், விதைக்கும் சாம்பல் படிஞ்ச வெறும் மண்ணுதான் வேணும். இங்க இருந்த பூர்வகுடிகள் சின்னச் சின்னதா தீ வச்சுதான் காட்டைப் பராமரிச்சாங்க. அப்புறம் வந்த அரசாங்கம் நூறு வருஷமா எல்லாத் தீயையும் அணைச்சு அணைச்சு, காஞ்ச குப்பை மலையா சேர்ந்துடுச்சு, கூடவே வறட்சியும் வெயிலும். 2020ல காஸில் தீ, மொத்த பெரிய செகோயாக்கள்ல பத்துல ஒண்ணுக்கும் மேல அந்த ஒரே தீயில போயிடுச்சு. 2021ல மறுபடி ரெண்டு தீ, இன்னும் ரெண்டாயிரத்துக்கு மேல. அப்போதான் ஷெர்மன் மரத்தோட அடியில அலுமினியத் தாள் மாதிரி தீத்தடுப்புப் போர்வையைச் சுத்தி வச்சாங்க. எரிஞ்ச மரத்தடியில காத்தடிக்கும்போது நிக்காதீங்க, கிளை விழும்.

ரெண்டாவது நாள்: கிராண்ட் குரோவ், அப்புறம் கேன்யன்

ஜெனரல் கிராண்ட் மரத்துச் சுத்து சின்னது, அரை மணி போதும். 1926லேர்ந்து இதுக்கு தேசத்தோட கிறிஸ்துமஸ் மரம்னு பட்டம். பக்கத்துல விழுந்து கிடக்குற ஃபாலன் மோனார்க்குக்குள்ள ஒரு முனையில நுழைஞ்சு மறு முனையில வெளிய வரலாம், புள்ளைங்களுக்கு மொத்த ட்ரிப்லயும் இதுதான் பிடிக்கும். வாசல் பக்கம் பிக் ஸ்டம்ப் டிரெயில்ல மார்க் ட்வெய்ன் ஸ்டம்ப்னு ஒரு அடிமரம் இருக்கு, அந்த மரத்தை 1891ல அறுத்து, ஒரு துண்டை நியூயார்க் மியூசியத்துக்கும் இன்னொண்ணை லண்டனுக்கும் அனுப்பினாங்க, இவ்வளவு பெரிய மரம்னா யாரும் நம்பலையாம். அந்தக் காலத்துல வெட்டின செகோயா பலதும் விழுந்த வேகத்துல சில்லு சில்லா நொறுங்கி, வேலிக்கம்பும் கூரைப்பலகையும்தான் ஆச்சு.

அப்புறம் 180லயே கேன்யனுக்குள்ள இறங்குங்க, முக்கால்வாசி பேர் இதை விட்டுட்டுப் போயிடுறாங்க. ஏப்ரல் கடைசியிலேர்ந்து நவம்பர் நடு வரைக்கும்தான் தொறந்திருக்கும். ஒரு மணி நேரம், ரெண்டு பக்கமும் பாறைச் சுவர், கீழ கிங்ஸ் ஆறு. ரோரிங் ரிவர் அருவி ரோட்டுலேர்ந்து அஞ்சு நிமிஷம். ஸம்வால்ட் மெடோ சமதரை, வயசானவங்களும் கொஞ்ச தூரம் நடக்கலாம். ரோட்ஸ் எண்டுன்னு பேருக்கேத்த மாதிரி அதோட ரோடு முடிஞ்சுடும், கால்ல தெம்பு இருந்தா மிஸ்ட் ஃபால்ஸ் வரைக்கும் போயிட்டு வர எட்டு மைலுக்கு மேல, அரை நாள்.

ஆத்துல மட்டும் இறங்காதீங்க. இந்த பார்க்குல ஆளு சாகுறதுக்கு முதல் காரணம் கரடியோ பாம்போ இல்ல, தண்ணிதான். பாக்க முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும், பனி உருகின தண்ணி, பாறை வழுக்கும், இழுப்பு தெரியாது. குற்றாலத்துல குளிச்ச பழக்கத்துல "சும்மா கால் நனைக்கிறேன்"னு போறவங்களைக் கையைப் பிடிச்சு நிறுத்துங்க. அடிவாரத்துல பாம்பு, உண்ணி, பாய்சன் ஓக் செடியும் உண்டு, மூணு மூணு இலையா பளபளன்னு இருக்குற எதையும் தொடாதீங்க.

மூணாவது நாள் கையில இருந்தா மினரல் கிங்னு ஒரு மலைப் பள்ளத்தாக்கு. 1960கள்ல டிஸ்னி இங்க பனிச்சறுக்கு ரிசார்ட் கட்டப் பாத்து, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 1978ல பார்க்கோட சேத்துட்டாங்க. 25 மைல் ரோடு, அறுநூறுக்கு மேல வளைவு, ஒண்ணரை மணி ஆகும், கோடையில மட்டும்தான் தொறப்பாங்க. மேல மார்மட்னு ஒரு பிராணி, காருக்கு அடியில புகுந்து ரப்பர் குழாய், ஒயரைக் கடிச்சுடும், அதனால வண்டியை அடியோட தார்ப்பாய் போட்டுச் சுத்தி வைக்கிறாங்க. தார்ப்பாய் இல்லாம போனா கிளம்புறதுக்கு முன்னாடி பானெட்டைத் தொறந்து பாத்துடுங்க.

இறங்குறது 198 வழியான்னா டிரைவ்ல போட்டு பிரேக்கை மிதிச்சிக்கிட்டே வராதீங்க, பாதியிலயே கருகல் வாசனை வரும், சில பேருக்கு பிரேக்கே பிடிக்காம போயிருக்கு. லோ கியர்ல போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும், பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சா ஓரம் கட்ட இடம் நிறைய இருக்கு, விட்டுடுங்க. தலை சுத்துறவங்களுக்கு மாத்திரையைக் கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே குடுத்துடணும், முதல் வளைவு வந்தப்புறம் குடுத்து பிரயோஜனம் இல்ல.